தூரத்து நாய்த்தலையரும் அடுத்த தெருச் சாத்தானும்: இடைக்கால ஐரோப்பா மனிதரை வகுத்த விதம்

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஹியர்ஃபோர்டு என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. அங்குள்ள பேராலயத்தில் ஒரே கன்றின் தோலில் வரைந்த பழைய உலகப்படம் ஒன்றைப் பாதுகாத்து வருகிறார்கள். கி.பி. 1300ஐ ஒட்டிய காலத்தது. உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். கிழக்குதான் மேல்பக்கம், உச்சியில் ஏதேன் தோட்டம், நட்ட நடுவில் எருசலேம். இதை வைத்துக்கொண்டு யாரும் பயணம் போக முடியாது, போகவும் நினைக்கவில்லை. கடவுள் படைத்த உலகத்தையும் அதன் வரலாற்றையும் ஒரே தோலில் காட்டுவதுதான் இதன் வேலை.

இந்தப் படத்தின் வலது ஓரத்தை, அதாவது ஆப்பிரிக்காவின் தென்கோடியைப் பார்த்தால் வரிசையாக விசித்திர உருவங்கள் நிற்கும். ஒருவருக்குத் தலையே இல்லை. கண்ணும் வாயும் மார்பில் இருக்கின்றன. கம்பராமாயணத்துக் கவந்தனை அறிந்தவர்களுக்கு இந்த உருவம் புதிதாக இருக்காது. மேலே, இந்தியா என்று குறித்த பகுதியில் ஒற்றைக்கால் மனிதர் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஒரே பாதம் மிகப் பெரியது. வெயிலுக்கு அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிழல் தேடிக்கொள்கிறார்.

இடைக்கால ஐரோப்பா என்றால் ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1500 வரையிலான ஆயிரம் ஆண்டு. அந்தக் கால ஓவியங்களையும் கதைகளையும் புரிந்துகொள்ள, முதலில் இரண்டு வகை உருவங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹியர்ஃபோர்டு படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் ஒரு வகை. இவர்கள் பேய்கள் அல்லர். உலகின் விளிம்பில் வாழும் மக்கள் கூட்டங்கள் என்றே அக்காலத்தவர் நம்பினார்கள். இவர்களை விந்தை மாந்தர் என்று அழைப்போம். மற்றொரு வகை பேய்கள்: கடவுளை எதிர்த்து விண்ணிலிருந்து விழுந்த தூதர்கள், சாத்தானின் படை. இந்த இரண்டு வகையும் வேறு வேறு நூல்களில், வேறு வேறு காரணத்துக்காகப் பிறந்தவை. ஆனால் யூதர், இஸ்லாமியர், ஆப்பிரிக்கர், மங்கோலியர் என்று உண்மையான மனிதர்களை வரைய வேண்டி வந்தபோது, ஓவியர்கள் இரண்டு வகையிலிருந்தும் உறுப்புகளை எடுத்து ஒட்டினார்கள். இனம் பற்றிய எண்ணம் இந்த ஒட்டுவேலையில்தான் வெளிப்படுகிறது.

விந்தை மாந்தர் எங்கிருந்து வந்தார்கள்?

பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கி.மு. 400 வாக்கில், பாரசீக மன்னர் அர்த்தசெர்க்சஸிடம் மருத்துவராக இருந்த கிடீசியஸ் என்ற கிரேக்கர் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாரசீக அரண்மனையில் காதில் விழுந்ததை வைத்து எழுதியது அது. நாய்த்தலை மனிதரும் ஒற்றைக்காலரும் அதில் வருகிறார்கள். அதற்கு நூறு ஆண்டு கழித்து, சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ், கங்கை பிறக்கும் இடத்துக்கு அருகே வாயில்லாத மக்கள் இருப்பதாகவும், வறுத்த இறைச்சியின் வாசனையையும் பூ, பழ மணத்தையும் முகர்ந்தே அவர்கள் உயிர் வாழ்வதாகவும் எழுதினார். ரோமானியரான பிளினி கி.பி. 77ஐ ஒட்டி இவற்றையெல்லாம் தன் இயற்கை வரலாற்று நூலில் தொகுத்துவிட்டார். அடுத்த 1,400 ஆண்டுகளுக்கு ஐரோப்பிய அறிஞர்கள் அந்தத் தொகுப்பிலிருந்தே எடுத்து எடுத்து எழுதினார்கள்.

கிரேக்கர்களே எல்லாவற்றையும் கற்பனை செய்தார்கள் என்று சொல்வதும் நியாயமாகாது. மகாபாரதத்தின் சபா பருவத்தில் சகாதேவன் தென்திசையை வெல்லப் புறப்படுகிறான். அவன் வென்றவர்களின் பட்டியலில் காதையே போர்வையாகப் போர்த்திக்கொள்பவர்களும் ஒற்றைக்காலர்களும் இருக்கிறார்கள். பாண்டியரும் திராவிடரும் கேரளரும் வருவதும் அதே பட்டியலில்தான். வடக்கே இருந்த கதைசொல்லிகளுக்குத் தெற்கு உலகின் விளிம்பாகத் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட விளிம்புக் கதைகள்தான் பாரசீகம் வழியாகவும் தூதர்கள் வழியாகவும் மேற்கே போய், அங்கே மொத்த இந்தியாவையும் உலகின் விளிம்பாக ஆக்கின.

இந்த ஒற்றைக்காலரைத் தேடியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜான் மரிஞ்ஞோலி. ஃபுளோரன்சைச் சேர்ந்த துறவி. போப்பாண்டவரின் தூதராக 1338இல், அப்போது போப்பாண்டவர் இருந்த பிரான்சின் அவிஞ்ஞோன் நகரிலிருந்து புறப்பட்டுச் சீனா வரை போனார். திரும்பும் வழியில் கொல்லத்தில் நீண்ட நாள் தங்கினார், மயிலாப்பூருக்கும் வந்தார், 1353இல் ஊர் சேர்ந்தார். பிறகு எழுதிய நூலில் அவர் தெளிவாகச் சொல்கிறார்: எங்கோ ஒரு குழந்தை விந்தையாகப் பிறக்கலாம், ஆனால் அப்படியொரு மக்கள் கூட்டம் எங்கும் கிடையாது, இந்தியர்கள் மூங்கில் கம்பில் சிறு கூடாரம்போல் ஒன்றைக் கட்டி, வெயிலுக்கும் மழைக்கும் விரித்துப் பிடிக்கிறார்கள், அதைத்தான் புலவர்கள் பாதமாக்கிவிட்டார்கள். அவர் சொன்னது குடையை. ஒன்றை ஃபுளோரன்சுக்கும் கொண்டு போயிருக்கிறார். அவர் தரும் விளக்கம் சரியா என்பது இரண்டாம்பட்சம். ஆயிரம் ஆண்டாக அறிஞர்கள் பிரதி எடுத்து வந்த ஒன்றை, நேரில் வந்து பார்த்துவிட்டு இல்லை என்று எழுதும் துணிவு அவருக்கு இருந்தது. அதற்குப் பிறகும் ஒற்றைக்காலரை வரைவதை யாரும் நிறுத்தவில்லை.

இவர்களும் ஆதாமின் பிள்ளைகளா?

அறிஞர்களை உண்மையில் உலுக்கிய கேள்வி இதுதான். மனிதர் எல்லோரும் ஆதாமிடமிருந்து வந்தவர்கள் என்பது கிறித்தவ நம்பிக்கை. அப்படியானால் நாய்த்தலையர்? ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க ஆயரும் பெரும் இறையியலாளருமான அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ என்ற தன் பெருநூலில் இதை எடுத்துக்கொண்டார். கார்த்தேஜ் துறைமுகத்தில் இந்த விந்தை மாந்தரைப் பதிகல் ஓவியமாக (சிறு வண்ணக் கற்களைப் பதித்த ஓவியமாக) வைத்திருந்ததையும் குறிப்பிடுகிறார். அவருடைய பதில் மிகவும் நிதானமானது. இந்தச் செய்திகள் பொய்யாக இருக்கலாம். உண்மையென்றால் அவை விலங்குகளாக இருக்கலாம். ஆனால் பகுத்தறிவும் சாவும் உள்ள உயிர் என்றால், உருவமும் நிறமும் குரலும் எப்படி இருந்தாலும் அது மனிதர்தான், ஆதாமின் வழிவந்ததுதான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் இது நடைமுறைக் கேள்வியாகவே வந்தது. வடக்கே ஸ்காண்டிநேவியாவில் மதப்பணி செய்த ரிம்பெர்ட், நாய்த்தலையரைச் சந்தித்தால் என்ன செய்வது என்று பிரான்சில் கோர்பி மடத்துத் துறவி ராட்ராம்னுஸிடம் ஆலோசனை கேட்டார். ராட்ராம்னுஸின் பதில் கடிதம் இன்றும் கிடைக்கிறது. அவர்கள் ஊர் கூடி வாழ்கிறார்கள், பயிர் செய்கிறார்கள், ஆடுமாடு வளர்க்கிறார்கள், வெட்கப்பட்டு உடம்பை மறைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். வெட்கமும் சட்டமும் உள்ளவர்கள் மனிதர்கள்தான் என்று முடிக்கிறார். முகத்தைப் பார்க்காமல் வாழ்க்கையைப் பார்த்து முடிவு செய்த கடிதம் அது. இடைக்காலம் இருண்ட காலம் என்று பள்ளியில் படித்தவர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

பிரான்சின் வெஸலே ஆலய வாயிலில் இதே எண்ணத்தைக் கல்லில் பார்க்கலாம். 1120களையும் 1130களையும் ஒட்டிச் செதுக்கியது. நடுவில் கிறிஸ்து தன் சீடர்களை உலகெங்கும் அனுப்புகிறார். சுற்றிலும் நாய்த்தலையர், பெருங்காதர், ஏணி வைத்துக் குதிரையேறும் குள்ளர். இவர்களுக்கும் மீட்பு உண்டு என்பதே சிற்பத்தின் செய்தி. அதே வெஸலேயில் 1146இல் பெர்னார்டு என்ற புகழ்பெற்ற துறவி இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிப் பேசினார். தூரத்து நாய்த்தலையருக்கு நற்செய்தி சொல்ல நினைத்த காலம், கண்ணுக்குத் தெரிந்த இஸ்லாமியருக்கு எதிராக வாளைத் தூக்கியது.

சாத்தானின் முகவெட்டு

பேய்களின் கதை வேறு. தொடக்ககாலக் கிறித்தவத் துறவிகளின் வரலாறுகளில் சாத்தான் அடிக்கடி கருப்பு நிறத்தில் வருகிறான். நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ் எழுதிய அந்தோணியார் வரலாற்றில், எகிப்தில் தவம் இருக்கும் அந்தோணியாரின் முன்னால் சாத்தான் ஒரு கருநிறச் சிறுவனாகத் தோன்றுகிறான். பாவம் இருள், அருள் ஒளி என்ற உருவகம் மெல்ல மனிதத் தோலின்மேல் இறங்கியது இப்படித்தான்.

ஓவியர்களுக்கு இது ஒரு குறியீட்டுத் தொகுப்பாகவே ஆகிவிட்டது. நல்லவர்களின் முகம் நேராகவோ முக்கால் பங்கு திரும்பியோ இருக்கும், அமைதியாக இருக்கும். தீயவர்களைப் பக்கவாட்டில் காட்டுவார்கள். மூக்கு நீண்டு வளையும், வாய் கிழிந்து பல் தெரியும், தோல் கருக்கும், தலைமுடி தீக்கொழுந்துபோல் நிற்கும். படிக்கத் தெரியாதவர்களும் தேவாலயச் சுவரைப் பார்த்த உடனே யார் எந்தப் பக்கம் என்று புரிந்துகொள்ளும் ஏற்பாடு இது. உள்ளம் கெட்டால் உடம்பு அதைக் காட்டும் என்ற நம்பிக்கை அடியில் இருந்தது. இடைக்கால ஓவியத்தில் சரசேனியர் (இஸ்லாமியரை அக்கால ஐரோப்பா அழைத்த பெயர்), யூதர், பேய்கள் ஆகிய மூவரின் உருவங்களும் எப்படி ஒன்றோடொன்று கலந்தன என்பதைக் கலை வரலாற்றாசிரியர் டெப்ரா ஹிக்ஸ் ஸ்ட்ரிக்லாண்ட் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இந்தக் கலப்புக்கு ஒரு சிறிய சான்று போதும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1233ஆம் ஆண்டின் அரசு வரவுக் கணக்குச் சுருள் ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பில் ஒரு எழுத்தர் பேனாவால் கிறுக்கி வைத்த படம் உள்ளது. நடுவில், முடி சூடி, மூன்று முகத்தோடு நிற்பவர் நார்விச் நகரத்து ஐசக். அக்காலத்து இங்கிலாந்தின் பெரும் வட்டிக் கடைக்காரர்களில் ஒருவர். கீழே மோஸ் மோக் என்ற யூதரும் அவிகே என்ற பெண்ணும் எதிரெதிரே பக்கவாட்டில் நிற்கிறார்கள். நடுவில் கொம்பு வைத்த பேய் இருவருடைய மூக்கையும் தொட்டுக் காட்டுகிறது. சுற்றிலும் இன்னும் சில பேய்கள். இது வழிபாட்டுக்கான ஓவியமும் அல்ல, யாரும் பணம் கொடுத்து வரையச் சொன்னதும் அல்ல. உண்மையில் வாழ்ந்த, பெயர் தெரிந்த மனிதர்களை, அவர்கள் கட்டிய பணத்தைப் பதிவு செய்த அதே தாளில், ஒரு அரசு ஊழியர் பேய்களோடு சேர்த்துவிட்டார். பேராலயச் சுவரில் இருந்த குறியீடு அலுவலக மேசைக்கு வந்துவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் பார்த்ததில்லை.

படம் வரைந்ததோடு நிற்கவும் இல்லை. 1215இல் ரோமில் கூடிய திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், யூதரும் இஸ்லாமியரும் உடையாலேயே தனித்துத் தெரிய வேண்டும் என்று விதித்தது. பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை, கலந்துவிடுகிறார்கள் என்பதுதான் சங்கம் சொன்ன காரணம். ஓவியத்தில் வளைந்த மூக்கு வைத்து வரைந்தார்களே, தெருவில் அப்படி யாரும் இல்லாததால்தான் சட்டம் போட்டு அடையாளம் ஒட்ட வேண்டியிருந்தது. இங்கிலாந்து 1218இலேயே இதை அமலாக்கியது. 1275ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் துல்லியமாகப் போனது: ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூதரும் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலத்தில் மஞ்சள் கம்பளித் துண்டை மேலாடையில் தைத்துக்கொள்ள வேண்டும். 1290இல் முதலாம் எட்வர்டு மன்னர் யூதர் அனைவரையும் நாட்டைவிட்டே வெளியேற்றினார்.

இப்போது ஹியர்ஃபோர்டு படத்தின் தேதியை மறுபடி பாருங்கள். வெளியேற்றம் நடந்து ஏறத்தாழ பத்தே ஆண்டு. அந்த நகரத்திலும் யூதக் குடும்பங்கள் வாழ்ந்திருந்தன. படத்தில் செங்கடலுக்கு அருகே யூதர்கள் மண்டியிட்டு ஒரு கன்றுக்குட்டிச் சிலையை வணங்குகிறார்கள். அந்தக் கன்று காசுகளைக் கழிக்கிறது. பொற்கன்றுக் கதை விவிலியத்தில் உண்டு, காசு கிடையாது. அது வட்டித்தொழிலைக் குத்திக் காட்டச் சேர்த்தது. அந்தச் சிலையின் பெயரோ, நபிகள் நாயகத்தின் பெயரைச் சிதைத்து எழுதியது. உருவ வழிபாட்டை முற்றிலும் மறுத்த இரண்டு சமயத்தாரையும் ஒரே சிலையின் முன்னால் நிறுத்திவிட்டார்கள். விளிம்பில் நிற்கும் தலையற்றவரைப் பார்த்துப் புன்னகைக்க முடிகிறது. இந்தக் காட்சியைப் பார்த்தால் மனம் கனக்கிறது, ஏனென்றால் இதற்கு விலை கொடுத்தவர்கள் உண்மையில் இருந்தார்கள்.

இலக்கியமும் பின்தங்கவில்லை. 1100ஐ ஒட்டிய பிரெஞ்சுக் காவியமான ரோலண்டின் பாடலில் இஸ்லாமியர் மூன்று சிலைகளை வணங்குகிறார்கள். அவர்கள் படையில் வரும் ஆப்பிரிக்கர் மையைவிடக் கருப்பு, பல் மட்டுமே வெள்ளை என்று பாடுகிறது. 1241இல் மங்கோலியப் படை போலந்திலும் ஹங்கேரியிலும் நுழைந்தபோது, இங்கிலாந்துத் துறவி மாத்யூ பாரிஸ் அவர்கள் மனித உடலை வெட்டி வாட்டித் தின்பதாகவே படம் போட்டார். முன்னர் உலகின் விளிம்பில் இருந்த நரமாமிசம் தின்போர் இப்போது பெயரோடும் குதிரையோடும் வந்துவிட்டார்கள்.

இதை இனவாதம் என்று சொல்லலாமா?

வரலாற்றாசிரியர்கள் இதில் ஒருமனதாக இல்லை. இனம் என்ற எண்ணம் அட்லாண்டிக் அடிமை வணிகத்தோடும் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியலோடும் வந்தது, இடைக்காலத்தில் இருந்தது சமயப் பகை மட்டுமே, ஞானஸ்நானம் பெற்றால் அது கழுவப்பட்டுவிடும் என்பது ஒரு தரப்பு. அதற்கும் சான்று உண்டு. 1330களின் ஆங்கிலக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் தார்ஸ் நாட்டு மன்னன் என்ற கதை இருக்கிறது. கிறித்தவ இளவரசிக்கும் டமாஸ்கஸ் சுல்தானுக்கும் பிறந்த குழந்தை உறுப்புகளே இல்லாத சதைப் பிண்டமாகப் பிறக்கிறது. ஞானஸ்நான நீர் பட்டதும் அழகிய குழந்தையாகிறது. பிறகு சுல்தானும் ஞானஸ்நானம் பெற, அவர் கருமேனி வெண்மையாகிறது.

மறுதரப்பில் முக்கியமானவர் இடைக்கால இலக்கிய ஆய்வாளர் ஜெரால்டின் ஹெங். மனிதருக்குள் ஒரு வேறுபாட்டைப் பொறுக்கியெடுத்து, அது மாறாத இயல்பு, உடம்பிலேயே ஊறியது என்று நிலைநாட்டி, அதன்படி அதிகாரத்தைப் பங்கிடுவதுதான் இனப் பாகுபாடு, அந்த வேறுபாடு நிறமாக இருந்தாலும் சமயமாக இருந்தாலும் வேலை ஒன்றுதான் என்கிறார். எனக்கு ஹெங் சொல்வதே சரியெனப் படுகிறது. தார்ஸ் கதையையே பாருங்கள்: நம்பிக்கை மாறினால் தோலின் நிறமும் மாற வேண்டும் என்று கதை கேட்கிறது, கருப்பாக இருந்துகொண்டே நல்ல கிறித்தவராக அந்த சுல்தானை விடவில்லை. நிஜ வாழ்வில் நீர் பட்டும் எதுவும் கழுவப்படவில்லை. மதம் மாறிய யூதர்களுக்காக இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி 1232இல் லண்டனில் ஒரு இல்லம் கட்டினார். உள்ளே போனவர்களை ‘மதம் மாறியவர்’ என்ற அடைமொழி விடாமல் தொடர்ந்தது. ஸ்பெயினின் டொலேடோ நகரம் 1449இல், யூத வழிவந்த கிறித்தவர்கள் பொதுப் பதவி வகிக்கக் கூடாது என்றே விதி செய்தது. அங்கே பார்த்தது நம்பிக்கையை அல்ல, பிறப்பை.

ஆனாலும் கருநிறம் எங்கும் எப்போதும் தீமையாகவே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மனியின் மாக்டெபுர்க் பேராலயத்தில் 1240களில் வடித்த புனித மவுரீசியுஸின் மணற்கல் சிலை உள்ளது. எகிப்தின் தீபஸ் படையணியை நடத்தியவர், விசுவாசத்துக்காக உயிர்விட்டவர் என்பது மரபு. சிற்பி அவரைச் சங்கிலிக் கவசம் அணிந்த ஆப்பிரிக்க வீரராக, உயிருள்ள மனிதரைப் பார்த்துச் செய்ததுபோன்ற கண்ணியமான முகத்தோடு செதுக்கியிருக்கிறார். பேய் இல்லை, கேலி இல்லை. வேறுவிதமாக வரைய அந்தக் காலத்தவருக்குத் தெரிந்திருந்தது என்பதால், பேயாக வரைந்தவர்களை ‘காலம் அப்படி’ என்று சொல்லித் தப்பிக்க விட முடியாது.

தமிழ்க் கரையில் தலைகீழ்

மார்க்கோ போலோ 1290களில் நம் கடற்கரைக்கு வந்தார். பாண்டிய நாட்டையும், புனித தோமாவின் கல்லறை இருப்பதாகச் சொல்லப்பட்ட மயிலாப்பூரையும் விவரிக்கிறார். இங்கே கருப்பாக இருப்பவருக்குத்தான் மதிப்பு அதிகம், அதனால் பிறந்த குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்து இன்னும் கருக்கச் செய்கிறார்கள் என்று எழுதுகிறார். எண்ணெய்க் குளியலை அவர் புரிந்துகொண்ட விதம் அது. அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம்: இவர்கள் தங்கள் தெய்வங்களைக் கருப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் செய்கிறார்கள். கருங்கல் மூர்த்திகளைக் கண்டிருப்பார். கருப்பு என்றால் சாத்தான் என்ற ஊரிலிருந்து வந்தவர், அந்தக் குறியீடு தன் ஊருக்கு மட்டுமே உரியது என்று காட்டும் ஒரு வரியை எழுதிவிட்டார். அதே போலோதான் அந்தமான் தீவினருக்கு நாய்முகம் என்றும் எழுதியவர். பழைய கதைகள் அவரையும் முழுதாக விடவில்லை.

அந்த வரி ஐரோப்பிய வாசகர்களை அவ்வளவாகத் தொடவில்லை என்பதற்குப் படங்களே சாட்சி. 1410ஐ ஒட்டிப் பாரிசில் போலோவின் நூலுக்கு ஆடம்பரமான ஓவியப் பிரதி ஒன்று தயாரித்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் மார்பில் முகம் வைத்தவரும் ஒற்றைக்காலரும் நிற்கிறார்கள். அந்த இடத்தில் போலோ அவர்களைச் சொல்லவே இல்லை. 1510இல் வெளியான தன் பயண நூலில் லுடோவிகோ வார்த்தேமா, கோழிக்கோட்டு மன்னரின் வழிபாட்டு அறையில் பார்த்ததாக ஒரு உருவத்தை விவரித்தார்: தலையில் போப்பாண்டவருடையதுபோல் மூன்றடுக்கு மகுடம், நான்கு கொம்பு, நான்கு பல், கொக்கி போன்ற கை, சேவல் கால். அதற்கு 1515இல் ஆக்ஸ்பர்க் நகரத்து ஓவியர் யோர்க் ப்ராய் மரச்செதுக்குப் படம் செய்தபோது, தேவாலயச் சுவர்களில் காலங்காலமாக இருந்த நரகக் காட்சியின் சாத்தான் அப்படியே கோழிக்கோட்டுக்கு வந்து உட்கார்ந்தான். இந்தியத் தெய்வ உருவங்களை ஐரோப்பா எப்படிப் பார்த்தது என்பதை ஆராய்ந்த பார்த்தா மித்தர், இந்தப் பார்வை அதற்கடுத்த நூற்றாண்டுகளிலும் பயணிகளின் கண்ணை விட்டு எளிதில் அகலவில்லை என்று காட்டியிருக்கிறார்.